விசுவாவசு திரும்பி வந்த ஆடியில்

முதல் நாள். ஜூலை 30, புதன். கும்பகோணம்

மாயவரத்தாள் காலை ஏழு மணிக்கே ரயிலில் வந்து இறங்கிவிட்டாள், கையில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரையோடு. மன்னார்குடி பதினோரு மணிக்கு வந்தாள். நாகை வந்து சேர்ந்தபோது சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது.

எங்களுக்குள் ஊர்ப் பெயர்தான் பெயர். 1983-இல் இதே கும்பகோணத்தில் ஹாஸ்டலில் ஓர் அறையில் நாலு பேரைப் போட்டார்கள். வார்டன் அம்மா ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் திருவையாறு. கல்யாணமாகி இந்த ஊருக்கே வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் இவர்களுக்கு நான் "ஐயாறு"தான்.

நால்வரும் விசுவாவசு வருடத்தில் பிறந்தவர்கள். 1965 ஏப்ரலில் தொடங்கி 1966 ஏப்ரலில் முடிந்த வருடம். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடங்கள் அறுபது. அறுபதும் சுற்றி முடித்து இந்தச் சித்திரையில் விசுவாவசு திரும்ப வந்திருக்கிறது. நான் வைகாசி, நாகை ஆனி, மாயவரம் ஐப்பசி, மன்னார்குடி தை. இரண்டு பேருக்கு அறுபது முடிந்துவிட்டது, இரண்டு பேருக்கு முடியப் போகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாயவரத்தாள் வீட்டுக்காரருக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மன்னார்குடி என் காதருகில், "இது அவருக்கு அறுபதுடீ. இவளுக்கு அறுபது வர்றப்ப எங்க பந்தி?" என்றாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். நாகைக்கு வீட்டுக்காரர் இல்லை. அவர்கள் இருவருக்கும் அந்த மணையில் உட்கார வழியே இல்லை. எனக்கும் மாயவரத்துக்கும் உட்காரக் கிடைத்தாலும் அது வீட்டுக்காரர்களுடைய வயதுக்குத்தான், எங்கள் வயதுக்கு இல்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் அறுபதை நாங்களே சேர்ந்து கொண்டாடுவது, அதற்கு ஒருமுறை நாட்டைத் தாண்டிப் போய் வருவது என்ற எண்ணம் அங்கே முளைத்ததுதான்.

எந்த நாடு என்பதில்தான் இன்று மதியம் முழுக்கப் போனது. சென்னையிலிருந்து என் மகன் போனில் சிங்கப்பூர் என்றான், தானே கூட்டிப்போவதாகவும் சொன்னான். மாயவரத்தின் பேத்தி பாலி என்றாள். மன்னார்குடி கிளை நூலகர், சரித்திரம் படித்தவள். அவளுக்கு மலேசியாவில் கெடா பார்க்க வேண்டும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம் அது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேராக விமானம் இருக்கிறது, எட்ட முடியாத இடங்கள் இல்லை.

நான் யாழ்ப்பாணம் என்றேன். நம் நாகப்பட்டினத்திலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. டெல்டாவில் பிறந்த நாம் டெல்டாவின் கரையிலிருந்தே கடல் தாண்டலாம், போய் இறங்கினால் அங்கேயும் தமிழ். இதை நான் சொன்னதும் நாகை எழுந்து தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த நாலு நாளும் ஊர் ஊராகப் போய் ஒவ்வொன்றாக முடிப்பது என்று திட்டம். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள். ஜூலை 31, வியாழன். தஞ்சாவூர்

இன்றைய வேலை பாஸ்போர்ட். எனக்கும் மாயவரத்துக்கும் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற இருவருக்கும் நான்தான் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பி, ஆளுக்கு 1500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் சேவை மையத்தில் இன்றைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன். 36 பக்கப் புத்தகம், பத்து வருடம் செல்லும். எழுபது வயது வரை செல்லும் என்று மன்னார்குடி கணக்குப் போட்டுச் சொன்னாள்.

அவள் அரசு ஊழியர். ஜனவரி 31 அன்றுதான் ஓய்வு. பணியில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலைக் கொண்டு போகலாம். தடையில்லாச் சான்று வாங்கியும் போகலாம். அவள் முன்னறிவிப்புக் கடிதத்தோடு வந்திருந்தாள். முதல் கவுண்டரில் காகிதங்களை ஏற்றி, போட்டோ எடுத்து, விரல் ரேகை பதிந்தார்கள். இரண்டாவதில் சரிபார்த்தார்கள், மூன்றாவதில் ஒப்புதல். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். இனி வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும், அவ்வளவுதான்.

நாகையின் விஷயம் அப்படி நடக்கவில்லை. பிழை எங்களுடையது, குறிப்பாக என்னுடையது.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து போதும். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றை எழுத்துக்கு இடமில்லை, அதை முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும். எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொண்டுதான் பிறந்த தேதியைக் காட்டுகிறோம். அவளுடைய சான்றிதழில் அப்பாவின் எழுத்து. ஆதாரில் கணவரின் எழுத்து. விண்ணப்பத்தில் நான் கணவர் பெயரை விரித்துப் போட்டிருந்தேன். மூன்றும் மூன்று விதம். இரண்டாவது கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகவே விளக்கினார்: ஆதாரில் பெயரை விரித்துத் திருத்திக்கொண்டு வாருங்கள், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும், மறுபடி முதலிலிருந்து பணம் கட்ட வேண்டாம்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். எந்தப் பெயரை விரிப்பது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அப்பா பெயரா, அவர் பெயரா? நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு டீ குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவர் பேரே இருக்கட்டும். இருபது வருஷமா அந்தப் பேரை வெளியில யாரும் கூப்பிடலை. ஒரு ஆபீசராவது கூப்பிடட்டும்" என்றாள்.

நால்வரும் நேராக ஆதார் திருத்தத்துக்குப் போனோம். கணவர் பெயருக்குச் சான்றாக அவளுடைய ஓய்வூதியக் காகிதங்களில் ஒன்றும் திருமண அழைப்பிதழும் பையில் இருந்தன. 1988 அழைப்பிதழ், மஞ்சள் ஓரத்தோடு. எது ஏற்கப்பட்டது என்பதைவிட, அதை அவள் கையோடு எடுத்து வந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கும் போகிற உத்தேசம் இல்லாவிட்டாலும் ஆதார், பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். எங்கள் அறையில் நாலு பேரில் மூன்று பேருக்கு ஒத்துப்போகவில்லை.

பெரிய கோயிலுக்குப் போக நேரமில்லை. பேருந்திலிருந்தே விமானத்தைப் பார்த்துக் கும்பிட்டோம்.

மூன்றாம் நாள். ஆகஸ்ட் 1, வெள்ளி. திருக்கடையூர், தரங்கம்பாடி

ஆடி வெள்ளி. அபிராமி சந்நிதியில் நிற்க இடமில்லை. பிராகாரம் எங்கும் கலசங்களும் ஹோமப் புகையும் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகளும். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி இங்கே வருகிறார்கள். ஒரு பெரியவர் நடுங்கும் கையால் தாலி கட்ட, பேரப்பிள்ளைகள் அட்சதையை அவர்கள் தலையில் கொட்டினார்கள். அழகான காட்சிதான், எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மன்னார்குடி ஒரு குருக்களிடம் நேராகவே கேட்டாள். "சாமி, பொம்பளைக்கு அறுபது முடிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஜென்ம நட்சத்திரத்தன்னிக்கு ஆயுஷ்ஹோமம் பண்ணலாம்மா. தனியா பண்ணிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. யாரும் கேக்கறதில்ல, அதான்."

இன்றைக்கு நால்வர் பெயருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தோம். ரோகிணி, சுவாதி, உத்திரம், திருவோணம். ஒரே தட்டு, நாலு பெயர். குருக்கள் ஒவ்வொரு பெயரையும் நிறுத்திச் சொன்னபோது மாயவரத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் மணையில் உட்கார்ந்தபோது அவள் அழவில்லை.

அங்கிருந்து தரங்கம்பாடி கொஞ்ச தூரம்தான். டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியது இந்தக் கரையில். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த அச்சகம் நடந்தது இந்த ஊரில். மன்னார்குடிக்கு அச்சகம் என்றால் போதும், வெயிலை மறந்துவிடுவாள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அலை அப்படித்தான் இருந்தது. நாங்கள் மூவரும் மணலில் இறங்கினோம். நாகை வரவில்லை. கோட்டைக்கு வெளியே டீக்கடை பெஞ்சில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோதுதான் முதல் நாள் அவள் ஏன் எழுந்து போனாள் என்பது எனக்கு விளங்கியது. நாற்பது வருடத் தோழிக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

இரவு அவள் வீட்டில் தங்குகிறோம். காரைக்கால் தாண்டி, நாகூர் மனாராக்களின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தோம். பேருந்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

நான்காம் நாள். ஆகஸ்ட் 2, சனி. நாகப்பட்டினம்

காலையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே அவளே பேச்சை எடுத்தாள். இவ்வளவு கோர்வையாக அவள் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அவளுக்கு இரவுப் பணி முடிந்து, மாற்ற வேண்டிய செவிலியர் வரத் தாமதம். வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடற்கரைக்கு நடக்கப் போனார். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தது நாலு நாள் கழித்து. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வந்து குவிந்தவர்களைப் பார்த்துக்கொண்டே அவரையும் தேடினாள். மூன்றாம் நாள் கிடைத்தார். "அந்த ஊர்லயே இருக்கேன். அந்தக் கடல் மீனைச் சாப்பிடறேன். ஆனா அதுமேல மிதக்க என்னால முடியாதுடீ" என்றாள்.

நான் உடனே, "விடு, சிங்கப்பூர் போவோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். "எனக்காக மாத்துனீங்கன்னா நான் வரவே மாட்டேன். யாழ்ப்பாணம் எனக்கும் பாக்கணும். வேற வழி இருந்தாப் பாருங்க."

வழி இருக்கிறது. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இண்டிகோ விமானம் பறக்கிறது. இறங்குவது பலாலியில். அங்கிருந்து காங்கேசன்துறைத் துறைமுகம் பக்கத்தில்தான், சில கிலோமீட்டர். ஆக, நானும் மாயவரமும் கப்பல், அவளும் மன்னார்குடியும் விமானம். மன்னார்குடிக்குக் கப்பல்தான் ஆசை, அது எங்கள் மூவருக்கும் தெரியும். "எனக்குத் தலை சுத்தும், நான் பிளேன்" என்று அவளாகவே சொல்லிவிட்டாள்.

பிறகு நாங்கள் மூவர் மட்டும் துறைமுகத்துக்குப் போனோம். கடுவையாறு கடலில் சேருகிற இடம். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இருந்த காவலர் வேண்டிய விவரமெல்லாம் சொன்னார். குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் இங்கேயே நடக்கும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட வேண்டும். பெட்டிக்கு எடை வரம்பு உண்டு. காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் போல.

இந்தக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபர் 14 அன்று "செரியாபாணி" என்ற கப்பலோடு தொடங்கியது. மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடி வந்தது, வடகிழக்குப் பருவமழைக்கு நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. இதைப் பார்த்துத்தான் மாதத்தைக் குறித்தோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். தையில் மன்னார்குடி ஓய்வு பெறுகிறாள். மாசிக் கடைசியில், அதாவது மார்ச் முதல் வாரம் போவது. கடலும் அடங்கியிருக்கும், விசுவாவசுவும் முடிந்திருக்காது. பங்குனியோடு அது போய்விடும், அடுத்து வரும்போது நாங்கள் இருக்கமாட்டோம். கப்பல் அன்றைக்குக் காற்றால் ரத்தானால் நாங்களும் திருச்சிக்கே போய் ஏறிக்கொள்ள வசதியாக இரண்டு நாள் இடைவெளி விட்டு அறை பேசப் போகிறேன்.

துறைமுகச் சுவரோரம் நின்று மன்னார்குடி பேசிக்கொண்டே இருந்தாள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஸ்ரீவிஜய அரசன் இதே ஊரில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பெரிய செப்பேட்டில் அந்தக் கொடை இருக்கிறது. இவளுக்குக் கெடா போகக் கொடுத்துவைக்கவில்லையே என்று நான் வருந்தியதற்கு, "கடாரத்துக்காரன் இங்க வந்துட்டுப் போயிருக்கான், போதும்" என்றாள். சிங்கப்பூர், பினாங்கு போகிற "ரஜூலா" கப்பலுக்கு இந்த ஊரிலிருந்தும் ஜனங்கள் ஏறினார்கள். என் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு வந்து ஐந்து இரவுக்குத் திட்டம் எழுதினோம். நல்லூர்க் கோயில். கீரிமலைக் கேணி, பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம்: 1981-இல் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் சாம்பலாகி, மறுபடி கட்டப்பட்டது. அங்கே அரை நாள் மன்னார்குடியைத் தனியாக விட வேண்டும் என்பது நிபந்தனை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகு. மணிமேகலை பூம்புகாரிலிருந்து கொண்டுபோகப்பட்ட மணிபல்லவம் அந்தத் தீவுதான் என்று சொல்பவர்கள் பலர். படகு என்றதும் எல்லோரும் நாகையைப் பார்த்தோம். "அன்னிக்கு நான் ரூம்ல இருந்து நாலு பேருக்கும் சமைக்கிறேன்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

பணம்: இந்த மாதம் முதல் பிப்ரவரி வரை ஆளுக்கு மாதம் ஐந்தாயிரம், ஏழு மாதம், தபால் நிலையத்தில். வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்ததால் கணக்கு என் பொறுப்பு. ஈடிஏ என்ற இணையப் பயண அனுமதி பாஸ்போர்ட் வந்த பிறகு. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், மாயவரத்துடையது அடுத்த ஜூனில் முடிகிறது, ஆகவே அவளும் புதுப்பிக்க வேண்டும். நல்லவேளையாக இன்றே பார்த்தோம். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு, மூத்தவர்களுக்கான பயணக் காப்பீடு, பாஸ்போர்ட் நகல் ஒவ்வொருவர் பையிலும் இரண்டு. மருந்துப் பை நாகை பொறுப்பு.

ஐந்தாம் நாள். ஆகஸ்ட் 3, ஞாயிறு. மயிலாடுதுறை

ஆடிப்பெருக்கு. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்த தண்ணீர், துலாக் கட்டப் படிகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. கருகமணி, காதோலை, காப்பரிசி, வாழை மட்டையில் விளக்கு. சின்னப் பெண்கள் சப்பரத் தேரை இழுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினார்கள். நாகை முழங்கால் ஆழம் இறங்கி நின்றாள். ஆறு அவளுக்குப் பயமில்லை.

மாயவரத்தாளின் அம்மாவுக்கு எண்பத்து நாலு. படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூவருக்கும் கட்டிவிட்டு நிமிர்ந்தார். நாகை தள்ளி நின்றிருந்தாள்.

"நீ ஏண்டி அங்க நிக்கிற? கையக் காட்டு."

மணிக்கட்டில் கட்டிவிட்டு, மூன்று முடிச்சையும் இறுக்கிப் பார்த்தார்.

சித்ரான்னம் சாப்பிடும்போது நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டார். அவர் பிறந்தது வேதாரண்யம். சின்ன வயதில் அந்தப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் பனங்கட்டி வருமாம், பனையோலைக் குட்டானில் கட்டி. அப்பா மடியில் வைத்துக்கொண்டு வருவாராம்.

"இப்பவும் அப்படித்தான் கட்டிக் குடுக்கறானுங்களான்னு பாருங்க" என்றார். "இருந்தா எனக்கு ரெண்டு குட்டான். காசு இப்பவே வாங்கிக்கங்க."

இருநூறு ரூபாயை வாங்கிக் கணக்கு நோட்டில் வரவு வைத்தேன். பயணத்துக்கு வந்த முதல் பணம்.